மூன்று மணிக் காற்று

டிசம்பர் பில் வந்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு யூரோ.
டௌனோ அதைச் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தான்,
சர்க்கரை போடாதவள் நான் என்ற தைரியத்தில்.

நிலைவிலை ஒப்பந்தம் அக்டோபரிலேயே முடிந்ததும்
மணிக்கொரு விலை என்ற புதுத் தாளில்
என்னைக் கேளாமல் அவன் கையெழுத்திட்டதும்
அன்றைக்குத்தான் வெளிவந்தன.
தலையணையை எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போனேன்.
கோபத்துக்குத் தனி ஹீட்டர் தேவைப்பட்டது.
அதற்கும் மீட்டர் ஓடியது.

கயானியில் ஜனவரி
பகலை ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு விடும்.
பிற்பகல் இரண்டுக்கு நாளைய விலைகள் வரும்;
பரீட்சை முடிவு பார்ப்பதுபோல்
ஊரே கைபேசியில் குனிந்திருக்கும்.
"காலை எட்டுக்கு அறுபத்து நாலு சென்ட்"
என்றாள் மீன்கடை வரிசையில் ஐலி,
இறந்தவரின் வயதைச் சொல்லும் குரலில்.

எட்டு மணிக்கு அடுப்பில்லை. ஆறிய ஓட்ஸ் கஞ்சி.
கார் எஞ்சினைச் சூடேற்ற இரண்டு மணி நேரம் என்பது பழைய கணக்கு,
அரை மணி போதும் என்று காரும் ஒத்துக்கொண்டது.
ஃப்ரீசரை அணைத்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தேழு இருக்க
குளிருக்குக் காசு கட்டுவது
கொல்லன் தெருவில் ஊசி வாங்குவது.
பெர்ரி வாளியும் பெர்ச் மீனும்
வாசல் மாடத்தில் கல்லாய்க் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
மெழுகுவர்த்தியோடு டௌனோ மாடியேறி வந்தான்.
"சமாதானத்துக்கு வரலை" என்றான், வாசற்படியிலேயே.
சன்னல் சட்டத்தின் ஓரமாய்ச் சுடரை நகர்த்தினான்.
நிமிர்ந்து நின்றது, நின்றது,
வலது மூலையில் சட்டென்று படுத்துக்கொண்டது.
"இந்த வழியாத்தான் போகுது பணம்."
ஏழு இடத்தில் சுடர் சாய்ந்தது.
நான் கோபமாய்க் குடியிருந்த அறைதான்
வீட்டிலேயே அதிகம் ஒழுகும் அறை.
(இதை அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மெழுகுவர்த்தியைப் பிடுங்கியிருப்பேன்.)

ஹீட்டரைப் பத்து டிகிரிக்கு இறக்கி
கதவடியில் பழைய துவாலையைச் சுருட்டி வைத்து
கீழே வந்தேன்.
கணக்குக்காக, என்றேன்.
கணக்குக்காகத்தான், என்றான்.
அவன் குறட்டை மட்டும் இலவசமாகவே ஓடியது.

பிப்ரவரியில் ஒரு நாள்
மேற்குக் கரையில் காற்றாலைகள் வெறிகொண்டு சுழன்றன.
மறுநாள் பட்டியலில், அதிகாலை மூன்றுக்கு நேராக
ஒரு கழித்தல் குறி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
கழித்தல்தான்.
வரியும் கம்பிக் கட்டணமும் மிஞ்சும். இருந்தாலும்.

களவுக்குப் போகிறவர்கள்போல் எழுந்தோம்.
துணி இயந்திரம், பாத்திர இயந்திரம்,
அடுப்பில் இரண்டு ரை ரொட்டி,
கடைசியாக
மூன்று வாரமாய் ஆறிக் கிடந்த சவுனா.
சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினான்.
ஆவி எழுந்து இருவர் முகத்தையும் அழித்தது.
முகம் இல்லாத அந்த இடத்தில் சொன்னான்:
"உன்னைக் கேட்டிருக்கணும்."
இன்னொரு அகப்பை ஊற்று, என்றேன்.

உடம்பு ஆற வெளியே வந்தோம்,
துவாலையும் ரப்பர் செருப்புமாக.
தெரு நெடுக விளக்கு.
எதிர்வீட்டுப் பையன் காருக்கு மின்சாரம் புகட்டிக்கொண்டிருந்தான்.
யாரோ கம்பளம் உறிஞ்சும் ஓசை.
எந்த வீட்டிலும் சாவில்லை, பிறப்பில்லை,
எல்லா வீடும் விழித்திருந்தது
காற்றடிக்கிறது என்பதற்காக.
ஐலி சன்னலில் மாவுக் கையை அசைத்தாள்.
நாங்களும் அசைத்தோம், துவாலை நழுவாமல்.

அந்த மாத பில் இருநூற்று நாற்பது சொச்சம்.
இம்முறை கிண்ணத்தின் மேலேயே சாய்த்து வைத்திருந்தான்.

முழுதாய் மன்னித்துவிடவில்லை நான்.
மாடிக் கதவடியில் துவாலை அப்படியே கிடக்கிறது.
ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்.